மோவர் புகை அடித்து ஏறி இறங்கி ஓடுகிறதா? ரிங்கில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். கோவைப் பக்கம் ஒரு பண்ணை வீடு. தள்ளிக்கொண்டே போய்ப் புல் வெட்டும் பெட்ரோல் லான் மோவர், ஃபோர் ஸ்ட்ரோக், நான்கு வருடப் பழசு. உள்ளே வைக்கும்போது புகை இல்லை. மழைக்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலோடு ஷெட்டில் கிடந்தது. வெளியே எடுத்து, பக்கவாட்டில் சாய்த்து அடியில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லைச் சுரண்டி, ஆயில் குறைவாகத் தெரிந்ததால் கொஞ்சம் ஊற்றி, கயிற்றை இழுத்தால் ஒரே வெள்ளைப் புகை. இன்ஜினும் சீராக ஓடாமல் உறுமுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் புகையைப் பார்த்த உடனே "ரிங் போச்சு, போரிங் பண்ணணும்" என்கிறார். அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்கிறார். பண்ணலாமா?

இப்போதைக்கு வேண்டாம். உள்ளே வைக்கும்போது புகை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சும்மா கிடந்த இன்ஜினில் ரிங் தேயாது. ஈரத்தில் துருப்பிடித்து ரிங் ஒட்டிக்கொள்வது உண்டு, ஆனால் அது கடைசியில் சந்தேகப்பட வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, நன்றாக ஓடிய நாளுக்கும் புகை அடித்த நாளுக்கும் நடுவில் மெஷினுக்கு என்னென்ன நடந்தது என்பதைத்தான். உங்கள் கேள்வியிலேயே மூன்று விஷயம் இருக்கிறது: டேங்கில் பழைய பெட்ரோல் கிடந்தது, மெஷினைச் சாய்த்தீர்கள், ஆயில் ஊற்றினீர்கள். மூன்றுமே புகைக்கோ முரட்டு ஓட்டத்துக்கோ காரணமாகக் கூடியவை. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு, அதற்கப்புறமும் புகைந்தால் ரிங்கைப் பற்றிப் பேசலாம்.

கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றி, பிளக்கில் படாதபடி தள்ளி வையுங்கள். இந்த மெஷினில் பிளேடு நேராக இன்ஜின் ஷாஃப்டிலேயே இருக்கிறது. பிளேடைக் கையால் சுற்றினால் இன்ஜினும் சுற்றும், ஒரு தடவை பற்றிக்கொண்டால் விரல் இருக்காது. ஓட்டிப் பார்ப்பதெல்லாம் திறந்தவெளியில். ஷெட்டுக்குள் ஓட்டிப் புகையின் நிறம் பார்க்க வேண்டாம்.

நிறம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் வெள்ளைப் புகையைக் கண்டதும் ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள பேக்கிங்) போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மோவர் இன்ஜின் காற்றில் ஆறுவது, அதில் தண்ணீரே கிடையாது. அதனால் இங்கே வெள்ளை, நீலம் இரண்டுமே பெரும்பாலும் ஆயில்தான். சைலன்சருக்குள் தேங்கிய ஆயில் சூட்டில் ஆவியானால் அடர்த்தியான வெள்ளையாக வரும். சிலிண்டருக்குள் எரிந்து வந்தால் நீலம் கலந்திருக்கும். பட்டப்பகல் வெயிலில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது, ஆகவே கண்ணைவிட மூக்கை நம்புங்கள். ஆயில் கருகும் வாடை தனி, கண்ணைக் கரிக்கும் எரியாத பெட்ரோல் வாடை தனி. கருப்புப் புகை என்றால் கதை வேறு: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சோக் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கும், இல்லை ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும்.

இனி அந்தச் சாய்த்த விஷயம். எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். மோவரைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் இருக்கும் பக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் கிரேங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதி) இருக்கும் ஆயில் பிரீதர் (உள் அழுத்தம் வெளியேறும் வழி) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வந்துவிடும், ரிங்கைத் தாண்டிச் சிலிண்டருக்குள்ளும் கசியும். அந்த ஒரே செயலில் உங்கள் இரண்டு புகாரும் அடங்கிவிடும். சிலிண்டரிலும் சைலன்சரிலும் போன ஆயில் புகைகிறது. ஃபில்டரில் ஊறிய ஆயில் காற்றை அடைக்கிறது, பிளக்கில் படிந்த ஆயில் ஸ்பார்க்கைக் கெடுக்கிறது, அதனால் இன்ஜின் தடுமாறுகிறது.

ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். காகித ஃபில்டர் மஞ்சளாகவோ கருப்பாகவோ ஆயிலில் ஊறி, விரலால் தொட்டால் ஒட்டினால் நான் சொன்னது சரி. காகிதத்தைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட முடியாது, புதிது வாங்குங்கள். பஞ்சு ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். சில மெஷினில் காகிதத்தின் மேல் பஞ்சு உறை இருக்கும். அதற்கு ஆயில் விடுவதா என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் தேங்கிய ஆயிலையும் துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்து பிளக். கழற்றியதும் அதன் முனையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமாக, கருப்பாக, விரலில் வழுக்கினால் ஆயில். உலர்ந்த கரியாக, தேய்த்தால் பொடியாக வந்தால் பெட்ரோல் அதிகம். பழுப்பு நிறம் என்றால் நல்ல சேதி. பிளக் இல்லாமலே கயிற்றை மெதுவாக ஏழெட்டு முறை இழுங்கள், துளைமேல் ஒரு பழைய துணியைப் போட்டுவிட்டு. உள்ளே நின்ற ஆயில் துணியில் துப்பும். பிளக் மாட்டியிருக்கும்போது கயிறு பாதியில் அசையாமல் நிற்கிறது என்றால் வேகம் கொடுத்து இழுக்காதீர்கள். பிஸ்டனுக்கு மேல் ஆயில் நிறைந்திருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றினால் தானாக விடுபடும்.

பிளக் விலை சொற்பம்தான், ஆயிலில் ஊறியதைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதிது போடுங்கள். ஹோண்டா ஜிசிவி160 இன்ஜினுக்கு என்ஜிகே பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி இன்ஜின்களில் பல மாடல்களுக்கு 0.76, சிலவற்றுக்கு 0.5; இன்ஜின்மேல் அடித்திருக்கும் மாடல் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று பைக் பிளக்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மரையின் நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும்.

ஆயில் அளவுக்கு வருவோம். இந்த இன்ஜின்கள் எடுத்துக்கொள்வதே அரை லிட்டரை ஒட்டித்தான், ஜிசிவி160-க்கு 0.55 லிட்டர். பைக்குக்கு விற்கும் 900 மில்லி டப்பாவை வாங்கி, மிச்சம் வைப்பானேன் என்று முழுதாகக் கவிழ்த்தவர்களின் மெஷினைப் பார்த்திருக்கிறேன். அளவு கூடினால் கிரேங்க் ஆயிலைக் கடைந்து பிரீதர் வழியாகத் தள்ளும், அது கார்புரேட்டருக்குப் போய் எரியும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹோண்டாவில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல், சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பிரிக்ஸில் முழுதாகத் திருகிவிட்டு எடுக்க வேண்டும். பிரிக்ஸைத் திருகாமல் பார்த்தால் ஆயில் குறைவாகக் காட்டும், நாமும் ஊற்றிக்கொண்டே இருப்போம். உங்களுக்குக் "குறைவாகத் தெரிந்தது" இதனாலாகவும் இருக்கலாம். மெஷின் சமதரையில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்வெளிச் சரிவில் பார்த்தால் கணக்கு தப்பும். கூடியிருந்தால் மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சும் மெல்லிய டியூபும் வாங்கி, டிப்ஸ்டிக் துளை வழியாகவே உறிஞ்சி எடுத்துவிடலாம். மறுபடி சாய்க்க வேண்டியதே இல்லை.

கிரேடு பற்றியும் ஒரு வார்த்தை. 10டபிள்யூ-30 ஊற்றலாம் என்று பல மேனுவல்கள் சொன்னாலும், 27 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் அதை ஊற்றிய இன்ஜின் ஆயிலைக் கூடுதலாகக் குடிக்கக்கூடும் என்று பிரிக்ஸ் தன் மேனுவலிலேயே எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான நாள் 27 டிகிரி தாண்டிவிடும். அந்த இன்ஜினுக்கு எஸ்ஏஇ 30 கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, தண்ணியாக ஓடி, அளவும் நீங்கள் ஊற்றியதைவிடக் கூடியிருந்தால், கார்புரேட்டரில் ஃப்ளோட்டின் நீடில் (பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) சரியாக மூடவில்லை என்று பொருள். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே; மூடாத நீடில் வழியாகப் பெட்ரோல் இரவு பகலாக வடிந்து, சிலிண்டர் வழியே கிரேங்க் கேஸுக்குப் போய்விடும். அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், பேரிங்குக்கு ஆகாது. முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள், நீடிலை மாற்றுங்கள். பெட்ரோல் டேப் உள்ள மெஷின் என்றால் நிறுத்தியதும் டேப்பை மூடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பண்ணை வீடு என்றதால் கேட்கிறேன்: தோப்பில் களை வெட்ட பிரஷ் கட்டர் வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலான பிரஷ் கட்டர் டூ ஸ்ட்ரோக், அதற்கு 2டி ஆயில் கலந்த பெட்ரோல். வேலையாள் அதே கேனிலிருந்து மோவருக்கும் ஊற்றிவிட்டால் நீலப் புகை நிற்கவே நிற்காது. இன்ஜினைப் பிரித்து மேய்ந்தாலும் காரணம் கிடைக்காது, ஏனென்றால் அது கேனில் இருக்கிறது. இரண்டு கேனுக்கும் இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு ஓட விடுங்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் புகை இன்னும் மோசமாகக்கூட வரும். சைலன்சருக்குள் போன ஆயில் எரிந்து தீர வேண்டும் அல்லவா? பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். கால் மணி நேரத்தில் படிப்படியாக மெலிந்து நின்றுவிட்டால் ரிங் பேச்சு அதோடு முடிந்தது.

புகை நின்றும் ஏறி இறங்கி ஓடுவது நிற்கவில்லை என்றால், அது தனிக் கோளாறு. சீரான தாளத்தில் உறுமி, அடங்கி, மறுபடி உறுமினால் அது கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) செய்கிற வேலை. ஆனால் குற்றம் கவர்னர்மேல் இல்லை. கார்புரேட்டரில் வரும் பெட்ரோல் போதாமல் வேகம் குறைகிறது, கவர்னர் உடனே த்ராட்டிலைத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி குறைகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கவர்னர் ஸ்பிரிங்கை வளைத்து "சரி" செய்கிறவர்கள் உண்டு. அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். வேகக் கட்டுப்பாடு போனால் பிளேடு அளவுக்கு மீறிச் சுற்றும்.

சோக் சோதனை ஒன்று போதும். ஓடும்போது சோக்கைப் பாதி மூடுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் பற்றாக்குறை: ஜெட் (பெட்ரோல் வரும் நுண் துளை) அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள பேக்கிங் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. சோக் போட்டதும் இன்னும் திணறிக் கருப்பாகப் புகைந்தால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். உங்கள் மாடலில் சோக் லீவர் இல்லையென்றால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாயை ஓர் அட்டைத் துண்டால் பாதி மறைத்துப் பாருங்கள்.

இன்னொரு சின்னச் சோதனை: பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திணறி அணைகிறதா? டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உயிர் வந்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

மாதக்கணக்கில் கிடந்த மெஷினில் ஜெட் அடைப்பதுதான் வழக்கம். பெட்ரோல் முப்பது நாளிலேயே கெட ஆரம்பிக்கும். ஆவியாகிப் போக மிஞ்சுவது பிசின். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இந்தியாவில் 2023-இல் சில பங்குகளில் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் அதுவே என்றாகிவிட்டது. ஹோண்டாவும் பிரிக்ஸும் தங்கள் சின்ன இன்ஜின்களுக்கு அனுமதிப்பது 10 சதவீதம் வரை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ஷெட்டில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஒன்று நின்றாலோ, பாதரசம் போல முத்து முத்தாக உருண்டாலோ அது தண்ணீர். டேங்கையும் காலி செய்யுங்கள். பெட்ரோலில் வார்னிஷ் வாடை வந்தால் அதைப் புதுப் பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று பார்க்க வேண்டாம்.

கிண்ணத்தைக் கழற்றியதும் உள்ளே நடுவில் ஒரு தூண் தெரியும். மெயின் ஜெட் அதன் அடியில் இருக்கும். சில பிரிக்ஸ் மாடல்களில் கிண்ணத்தைப் பிடிக்கும் போல்ட்டிலேயே பக்கவாட்டில் ஒரு நுண் துளை, அதுதான் ஜெட். இது தெரியாமல் கார்புரேட்டரை முழுக்கக் கழுவி, போல்ட்டை மட்டும் துடைத்துத் திரும்பப் போடுவார்கள், கோளாறு அப்படியே இருக்கும். ஜெட்டுக்கு மேலே பக்கமெல்லாம் துளை போட்ட பித்தளைக் குழாய் ஒன்று உண்டு, அதையும் எடுத்துத் துளைகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஜிசிவி160-இல் இன்னொரு ஒளிவிடம்: ஐடில் வேகத்தை அமைக்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் அதன் கீழே பிளாஸ்டிக்கில் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஜெட்). தலைமுடி அளவுத் துளை. மெயின் ஜெட் சுத்தமாக இருந்தும் இந்த ஏறி இறங்கும் ஓட்டம் (ஹன்டிங்) நிற்காத மெஷினில் பெரும்பாலும் குற்றவாளி இவர்தான்.

சுத்தம் செய்யக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும், மின் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியும் போதும். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அப்புறம் எப்போதும் கருப்புப் புகைதான். ஸ்பிரே கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் ஓ-ரிங், நீடில் எல்லாம் எடுத்துவிட்டு அடியுங்கள். லிங்க்குகளையும் ஸ்பிரிங்கையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது, எந்தத் துளையில் எது மாட்டியிருந்தது என்பது கால் மணி நேரத்தில் மறந்துபோகும்.

கார்புரேட்டர் சுத்தம், பிளக் புதிது, அப்படியும் முரண்டு பிடித்தால் கீழே குனிந்து பிளேடைப் பாருங்கள் (பிளக் கேப் கழற்றியிருக்கிறதா?). இந்த மெஷினில் பிளேடும் ஒரு பிளைவீல் (ஓட்டத்தைச் சீராக்கும் கனச் சக்கரம்) மாதிரி. அது லூசாக இருந்தாலே கயிறு கையைப் பின்னுக்கு இழுக்கும், ஓட்டம் தடதடக்கும். சமீபத்தில் கல்லிலோ ஸ்பிரிங்க்ளர் தலையிலோ மோதியிருந்தால் மேலே பிளைவீலில் உள்ள சின்னச் சாவி அறுந்து டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) நகர்ந்திருக்கலாம். பட்பட்டென்று வெடிக்கும், ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். சாவியை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் ஷாஃப்டே வளைந்து மெஷின் உதறினால் அதை ஓட்டவே கூடாது.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, ஆயில் அளவு சரி, ஃபில்டர் புதிது, கால் மணி நேரம் தாண்டியும் நீலப் புகை நிற்கவில்லை, பிளக் மறுபடி ஆயிலில் ஊறுகிறது என்றால்? அப்போதும் நேராக ரிங்குக்குப் போக வேண்டாம். மேல் மூடியைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றியுள்ள இறக்கைகளில் புல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றுப் போகாத இன்ஜினில் ஆயில் கொதித்து இளகி எரியும். பிரீதர் வால்வு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே புகைதான். ஓஹெச்வி (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே உள்ள) இன்ஜின்களில் ஹெட் கேஸ்கட் உள்பக்கமாக ஊதினால் அழுத்தம் கிரேங்க் கேஸுக்குப் போய் ஆயிலைப் பிரீதர் வழியாகத் தள்ளும். பார்க்கிறவர் கண்ணுக்கு அசல் ரிங் கோளாறு மாதிரியே தெரியும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு மூச்சுப் புகைந்து நின்றுவிட்டால் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்ந்திருக்கும். அதோடு வருடக்கணக்கில் ஓட்டலாம், அவசரமில்லை.

பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக் "கம்ப்ரெஷனே இல்ல" என்று மெக்கானிக் சொல்வதை இந்த இன்ஜினில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கயிறு இழுக்க இலகுவாக இருக்கட்டும் என்று இதில் ஒரு வால்வை லேசாகத் திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. கையால் சுற்றும்போது கம்ப்ரெஷன் குறைவாகத்தான் தெரியும். பிரிக்ஸ் தன் இன்ஜின்களுக்குக் கம்ப்ரெஷன் அளவு என்று ஒன்றை வெளியிடுவதே இல்லை. பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில் காற்று ஏற்றி, எந்த வழியாகக் கசிகிறது என்று கேட்பதுதான் சரியான சோதனை. ஆயில் ஊற்றும் துளையில் காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டால் ரிங் அல்லது நான் சொன்ன கேஸ்கட். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. கம்ப்ரெஸர் வைத்திருக்கும் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இதைச் செய்யலாம், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

அதிலும் ரிங் என்றே வந்து, ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது என்றால், போரிங்குக்கு லேத்துக்கு அனுப்பும் முன் ஒரு சின்னக் காந்தத்தைச் சிலிண்டரின் உள்சுவரில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு ஸ்லீவ். போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஒட்டவில்லை என்றால் வெறும் அலுமினிய போர், விலை குறைந்த சில இன்ஜின்களில் இப்படித்தான் வரும். அதற்கு முலாம் பூசிய பிஸ்டன்தான் ஆகும். சாதாரண அலுமினியப் பிஸ்டனைப் போட்டால் அலுமினியத்தை அலுமினியம் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்த மாடலுக்கான பிஸ்டன் கையில் கிடைக்காதவரை போரிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள், முழு இன்ஜினாக மாற்றினால் என்ன விலை என்று விசாரியுங்கள்.